பல்லைப் பாராமல் மாடு பிடிக்கலாமா?

மாட்டுச் சந்தைக்குப் போகிறான் உழவன். போனதும் பணத்தை எடுத்து நீட்டுகிறானா? இல்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறான். நுகத்தடியைத் தூக்கிக் கழுத்தில் வைத்து இழுப்பைப் பார்க்கிறான். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்!

அவன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனாக இருக்கலாம். ஆனால் பாராததை வாங்காதே என்ற பாடம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவனுடைய பேரன் படித்தவன், பாடுபடுகிறவன். கையிலே கைப்பேசி, கண்ணிலே கனவு. கூலிக்கு ஓட்டியது போதும், சொந்தமாக ஒரு குட்டியானை வாங்கி நாமே முதலாளியாவோம் என்ற நியாயமான ஆசை. இணையத்திலே வண்டி ஏலம் என்று அறிவிப்பு வருகிறது. சந்தையில் மூன்று லட்சம் சொல்லும் வண்டி, அங்கே ஒன்றரை லட்சத்தில் தொடங்குகிறது. பல்லைப் பார்த்தானா? இல்லை. படம் பார்த்தான்! நான்கே நான்கு படம். அதை நம்பி, மனைவியின் கழுத்திலிருந்ததை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டான்.

இதைப்பற்றித்தான் தோழர்களோடு பேச விரும்புகிறோம். விஞ்ஞானத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். கணினியும் கைப்பேசியும் குடிசைக்கும் வரவேண்டும் என்று கேட்டவர்கள் நாம். நம் கேள்வி கருவியைப் பற்றியதல்ல. கருவி யார் கையில் இருக்கிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி.

முதலில், ஏலத்துக்கு வரும் வண்டி யாருடையது? பெரும்பாலும் இன்னொரு உழைப்பாளியுடையது! தவணை கட்ட முடியாதவனிடமிருந்து கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்ட வண்டி. குண்டர்களை அனுப்பி வண்டியைப் பறிக்கக்கூடாது, சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. கூறியது ஏட்டில் இருக்கிறது. நாட்டில் நடப்பது நாமறிவோம். ஏலத்தொகை கடனுக்குப் போதவில்லையென்றால் மீதியைக் கட்டு என்று பழைய சொந்தக்காரனுக்கே கடிதம் போகும். வண்டியும் போயிற்று, கடனும் நின்றது அவனுக்கு. பணமும் போயிற்று, வண்டியும் ஓடவில்லை என்ற நிலை வாங்கியவனுக்கு! இழந்தவனும் ஏழை, ஏமாந்தவனும் ஏழை. இருவருக்கும் நடுவே இருந்து தரகு எண்ணுகிறவனுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

எப்படி இல்லை என்கிறீர்களா? நிபந்தனைத் தாளைப் படியுங்கள். 'எங்கே எப்படி இருக்கிறதோ, அங்கே அப்படியே' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் அவர்களுடைய கோட்டை, கொத்தளம், அகழி எல்லாம்! இன்ஜின் ஓடாவிட்டால்? அப்படியே. கியர்பாக்ஸ் உடைந்திருந்தால்? அப்படியே. யார்டில் ஓராண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து பேட்டரியும் டயரும் செத்திருந்தால்? அப்படியே! பல ஏலங்களில் வண்டியை ஓட்டிப் பார்க்க விடுவதில்லை. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரையும் நம்புவதற்கில்லை. அதைத் திருத்தும் கருவிகள் உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் கதை இதைவிடக் கொடிது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை தண்ணீரில் தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. மூழ்கிய வண்டியைச் சீர்செய்யும் செலவு கட்டுப்படியாகாது என்றால், காப்பீட்டு நிறுவனம் 'முழு இழப்பு' என்று கணக்கெழுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்துக்கு அனுப்பும். எடுத்தவர் கழுவித் துடைத்து, சீட்டுக்கு உறை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து மறுபடி விற்கலாம். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஒயரிங் முனைகளில் பிடித்த பச்சைக் களிம்பு ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு படிந்திருக்கும். சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டைப் பாருங்கள், துருவேறியிருக்கும். படத்தில் இதெல்லாம் தெரியுமா?

அடுத்து, பண விவகாரம். ஏலத்தில் நுழைய முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். எடுத்தபின் குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது பறிபோகும். கடைசி நிமிடத்தில் யாரோ கூடுதலாகக் கேட்டால் கடிகாரம் இன்னும் சில நிமிடம் நீளும். எதிரே கேட்பவர் யார்? முகம் தெரியாது. தண்டோரா போட்டுத் தெருவில் நடந்த ஏலத்திலே 'ஒருதரம், இரண்டுதரம்' என்று கூவும்போது எதிராளியின் முகத்தையாவது பார்த்தோம். இங்கே அவர் மெய்யான ஆளா, விலையை ஏற்றிவிட வைத்த பொய்யான ஆளா, யாருக்குத் தெரியும்? முன்னறிவிப்பின்றி விற்பவரே தம் ஆளை வைத்து விலை கேட்பது மோசடி என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் முகமில்லாதவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? விலைக்கு மேல் ஏலக் கட்டணம், வரி, யார்டு வாடகை, வண்டியை இழுத்துவரும் செலவு. கூட்டிப் பாருங்கள், ஒன்றரை லட்சம் எங்கே போய் நிற்கிறதென்று!

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிய கண்ணி, காகிதம். வண்டி வாசலில் நின்றால் போதுமா? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறவேண்டாமா? தனியாரிடம் வாங்கினால் படிவம் 29, 30. கடன் நீங்கியதற்குப் படிவம் 35. அரசு நடத்தும் பொது ஏலமென்றால் படிவம் 32. கடன் நிறுவனம் எடுத்த வண்டிக்குப் பழைய சொந்தக்காரர் ஆர்.சி.யைத் தர மறுத்தால், நிறுவனம் படிவம் 36 கொடுத்துத் தன் பெயரில் புதுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது நடந்ததா என்று கேட்டீர்களா? வேறு மாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று இருக்கிறதா? சாலை வரி பாக்கி, அபராதச் சலான் பாக்கி, முடிந்துபோன எஃப்.சி., காலாவதியான இன்சூரன்ஸ், இவையெல்லாம் யார் தலையில்? வாங்கியவன் தலையில்!

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். செய்யாவிட்டால் என்ன ஆகும்? கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிப் பாருங்கள்! தவணை கட்ட முடியாமல் வண்டியை இழந்தவன் வீட்டுக் கதவை, எங்கோ நடந்த விபத்துக்காக நீதிமன்ற அறிவிப்பு வந்து தட்டுமானால் அவன் கதி என்ன?

இத்தனையும் மெய்யான ஏலத்தில் வரும் தொல்லைகள். பொய்யான ஏலமும் இருக்கிறது. வங்கியின் பெயரைப்போலவே ஒரு பெயர், அரசு முத்திரையைப்போலவே ஒரு முத்திரை, முன்பணம் போனதும் தளமும் இல்லை, ஆளும் இல்லை. இராணுவ வீரன் நான், மாற்றலாகிப் போகிறேன், வண்டியை மலிவாகத் தருகிறேன் என்று சீருடைப் படத்தைக் காட்டி ஏய்ப்பவர்களும் உண்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூலையில் உட்காராதீர்கள். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க வழியுண்டு. சட்டத்தின் ஆண்டும் 1930, புகாரின் எண்ணும் 1930. ஒன்றை நினைவில் வைத்தால் இரண்டும் நிற்கும்.

ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்! வண்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிறார் ஒருவர். கூட்டினால் ஐந்து வருகிறது, ராசி என்கிறார். நல்ல நேரம் பார்த்துப் பணம் கட்டுகிறார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறார். ஐயா, கூட்டிப் பார்த்த அந்த எண்ணை விட்டுவிட்டு, சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தீரா? பார்த்திருந்தால் அது பகுத்தறிவு. எலுமிச்சம்பழத்துக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்?

அரசுகளிடம் நாம் கேட்பது சலுகையல்ல, நீதி. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் கடன், வரி, சலான், எஃப்.சி. நிலையும் அறிவிப்பிலேயே இருக்கவேண்டும். மெக்கானிக்கோடு வந்து பார்க்கவும், ஸ்டார்ட் செய்து கேட்கவும் உரிமை வேண்டும். முழு இழப்பு என்று கணக்கெழுதிய வண்டியானால் அது ஆர்.சி.யிலேயே பதியப்பட வேண்டும். பெயர் மாற்றித் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித்தரும் கடமை விற்பவருக்கு வேண்டும். பழைய வண்டி வணிகர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்ற விதியை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறை என்றது. விதி இருக்கிறது. விழிப்போடு அதைச் செயல்படுத்தும் கை எங்கே?

அதுவரை நாம் கைகட்டி நிற்பதா? சைக்கிள் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்து வளர்ந்த இயக்கம் இது. படிப்பகங்கள் நம்மிடம் இருக்கின்றன. வாகனப் பதிவு விவரங்களை இணையத்தில் பார்க்கத் தெரிந்த இளைஞர்களும், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் தோழர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். ஏலம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு தோழர் சொன்னால், தனியாக விடாதீர்கள். நிபந்தனையை ஒருவர் படித்துச் சொல்லுங்கள். பதிவு எண்ணை ஒருவர் பாருங்கள். யார்டுக்கு ஒருவர் உடன் செல்லுங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால், பணம் தரமாட்டோம் என்று திரும்புங்கள்!

மலிவு என்பது விலைப்பட்டியலில் இருப்பதல்ல, வண்டி ஓடும் நாளைக் கணக்கிட்டு அறிவது. பாடுபட்ட பணம் பாராத வண்டிக்குப் போகக்கூடாது. முதலில் பல்லைப் பார், பிறகு விலையைக் கேள்!