புகையையுமா பாட்டிலில் வாங்குவீங்க?

சாரல் சீசனுக்குக் குற்றாலம் வந்த சென்னை நண்பர் ஒருத்தர், ஐந்தருவியில் குளிச்ச கையோட நம்ம தோட்டத்துக்கு வந்தார். கரியில் கோழி சுடணுமாம். கையில் ஒரு பார்பிக்யூ சாஸ் பாட்டில். வாங்கிப் படிச்சேன். சர்க்கரை, கெட்டிக்கு 1422ன்னு ஒரு மாவு, கெடாம இருக்க 211. கடைசியில் புகை வாசனை! கண்ணு முன்னாடி கரி புகையுது அண்ணாச்சி, புகையையுமா காசு கொடுத்து வாங்குவாங்க?

"அரசு அனுமதிச்சதுதானே?"ன்னார். ஆமா, விஷம்னு நானும் சொல்லல. சாஸ் மாசக்கணக்கா கடையில் நிக்கணும், அதுக்குத்தான் 211. ராத்திரியே தின்னு தீர்க்கப்போற நமக்கு எதுக்கு?

விலை விழுந்தா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோற தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாது. செடியிலேயே விட்டுருவோம். புளிப்புக்குப் புளியங்குடி எலுமிச்சை இருக்கு, உறைப்புக்கு விருதுநகர் சம்பா வத்தல். ரெண்டும் 2025-ல் புவிசார் குறியீடு வாங்கினவை.

ஒரு கிலோ பழுத்த தக்காளி, பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, எட்டு வத்தல். வேகவச்சு அரைச்சு வடிகட்டுங்க. நூறு கிராம் கருப்பட்டியைக் கரைச்சு வடிச்சு ஊத்துங்க. வடிக்கலன்னா மண்ணு பல்லுல நறநறக்கும். உப்பு, மிளகு போட்டு, கரண்டியில் ஒட்டுற வரைக்கும் சுண்டவிட்டு இறக்கி எலுமிச்சை பிழியணும். கோழி முக்கால்வாசி வெந்த பிறகுதான் தடவணும், முன்னாடியே தடவினா கருப்பட்டி கருகிரும்.

அந்தப் பாட்டில் இன்னும் திறக்காம நம்ம மோட்டார் ரூம்லதான் கிடக்கு. அடுத்த சீசனுக்கு வந்தா எடுத்துட்டுப் போங்க.