சிரட்டை யாருடைய வாத்தியம்?

மின்சாரக் கித்தார் முழங்கும் வேளையிலே எவரும் எதிர்பாராத ஓர் ஓசை இடையே எழவேண்டும். அதுவே புதுமை என்று கருதும் றொக் இசைஞர் பலர். கித்தாரும் டிரம்ஸும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டனவாம். அடுத்த ஒலிப்பதிவுக்கு 'அபூர்வ' வாத்தியம் ஒன்று வேண்டுமாம். இப்படித் தேடிப் புறப்படுவோரின் பார்வை என்றேனும் எங்கள் புத்தளக் கரையோரத்தின் மீதும் விழத்தான் செய்யும்.

புதுமை வேண்டும் என்பதிலே நமக்குப் பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம் 'அபூர்வம்' என்ற அந்தச் சொல்லோடுதான். யாருக்கு அபூர்வம்?

புத்தளம் நகருக்கு அண்மையிலே சிரம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே வாழ்வோர் இலங்கையின் ஆபிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கடல் கடத்திக் கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள். பிற தேசங்களிலே வசையாக ஒலிக்கும் 'காப்பிரி' என்ற பெயரை இங்கே தம் பெயராகவே தாங்கி வாழ்கின்றனர். முன்னோரின் ஆபிரிக்க மொழிகள் மறைந்தன. பின்பு பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் அன்றாட வழக்கினின்றும் ஒதுங்கிற்று. இன்று அவர்களின் வீட்டு மொழி சிங்களம். ஆயினும் 'மஞ்ச' என்னும் பாட்டு மாத்திரம் அந்தக் கலப்பு மொழியிலேயே நின்று நிலைத்திருக்கிறது. அப்பாட்டுக்கு வாத்தியம் எவை? மேளமும் ரபானும் ஒருபுறம் இருக்கட்டும். சிரட்டைப் பாதிகள், கரண்டி, வெறும் போத்தல் - இவையே! அடுப்பங்கரைப் பொருள்கள் தாளமாகி, ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியையே காத்து நிற்கின்றன. இதனை வேடிக்கை ஓசை என்று எண்ணுபவன் காதிருந்தும் கேளாதவன்.

இந்தத் தாளத்தின் உறவினை நாடு முழுவதும் அனுபவித்தே வந்திருக்கிறது. காப்பிரியரும் பறங்கியரும் ஆடிய 'காப்பிரிஞ்ஞா'வின் தாளத்தை 1940களில் வொலி பஸ்தியன் என்னும் பொலிஸ்காரர் சிங்களச் சொற்களுக்கு இசைவித்தார். இன்றைய பைலா உருப்பெற்றது. பின்னர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாக்கு நீரிணையையும் தாண்டித் தமிழகத்தை ஆட்டுவித்தது. பைலாவுக்கு ஆடாத கலியாண வீடு இந்நாட்டில் அரிது. ஆடியவர்களுள் சிரம்பியடியின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? தாளம் ஊரெல்லாம் உலாவிற்று. தாளத்துக்கு உரியவர்களோ ஊரோரத்திலேயே நின்றுவிட்டனர்.

1965இலே பீற்றில்ஸ் குழுவினர் தம் பாடல் ஒன்றிலே சித்தாரைச் சேர்த்தனர். மறுவருடமே ஜோர்ஜ் ஹரிசன் இந்தியா சென்று ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்தார். அது நேர்மையான செயல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சித்தார் அரசவையில் வளர்ந்த வாத்தியம்; அதனை மீட்டியவர் உலகறிந்த மேதை. ஆகவே வாத்தியத்தோடு அவர் பெயரும் கூடவே சென்றது. சிரட்டை தட்டுபவனின் பெயர் அப்படிச் செல்லுமா?

செல்லாது என்பதற்குச் சான்று ஆபிரிக்காவிலேயே உண்டு. சொலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் 1939இல் ஜொகன்னஸ்பேர்க்கிலே 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதன் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்துச் ஷில்லிங். 1961இல் அதே மெட்டு ஆங்கிலச் சொற்களோடு அமெரிக்காவை வென்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையிலே மாண்டார். 1994இல் டிஸ்னியின் படத்திலும் அம்மெட்டு ஒலித்தது. அவருடைய புதல்வியர் நீதிமன்றம் ஏறிப் போராடி உடன்பாடு ஒன்றைப் பெற 2006 ஆகிவிட்டது. இதனைக் 'கலைப் பரிமாற்றம்' என்பார் உளர். ஒரு கை மட்டுமே கொடுத்து, மறு கை மட்டுமே வாங்குவது பரிமாற்றமா?

நமது நாட்டிலே சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு வழங்குகிறது. அவை எந்தச் சமூகத்தினின்றும் எந்த இடத்தினின்றும் பெறப்பட்டன என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் விதிக்கிறது. நல்லதே. ஆனால் அனுமதி வழங்கும் உரிமையும் கட்டணமும் யாருக்கு? அரசு குறிக்கும் அதிகாரிக்கு. சேரும் பணம் 'கலாசார அபிவிருத்தி'க்காம்! கலையைக் காத்தவனின் கைக்கு நேரே ஒரு சதமேனும் சேரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே சட்டத்தைக் காட்டி மனச்சாட்சியை உறங்கவைக்க முடியாது.

மறுபுறம் தூய்மைவாதிகள் எழுந்து, "மக்கள் கலையை மின்சாரக் கருவியோடு கலப்பதே பாவம், இருந்தபடியே இருக்கட்டும்" என்பார்கள். இருந்தபடியே இருக்கவேண்டியது எது? கலையா, கலைஞனின் வறுமையா? ஆபிரிக்காவும் போர்த்துக்கலும் இலங்கையும் கலந்து பிறந்த மஞ்சவுக்குத் தூய்மை உபதேசம் செய்வதைவிட நகைப்புக்கு இடமானது வேறில்லை.

வழி இருக்கிறது. 2018 ஜனவரியிலே சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் பாருங்கள். பறையும் சட்டியும் கித்தாரோடு ஒரே வரிசையில் நின்றன. அங்கே பறை அலங்காரமாக வரவில்லை. சாதியைக் கேள்வி கேட்க வந்தது. கானா பாடி வளர்ந்த கலைஞர்களே குழுவின் உறுப்பினராக மேடையில் நின்றனர். இதுவே வேறுபாடு. ஓசையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது கொள்ளை; ஆளோடு சேர்த்து அழைப்பது தோழமை.

தோழமையிலே இசைக்கும் இலாபம் உண்டு. மஞ்ச மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறும். ஒலிப்பதிவுக் கூடத்தின் இயந்திரத் தாளமோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடும். சிரட்டை ஓசையின் ஒரு துண்டை வெட்டி அந்தத் தாளத்திலே திரும்பத் திரும்ப ஒட்டினால் கிடைப்பது சிரட்டையின் பிணம். அந்த ஏற்றத்தை அறிந்தவன் அதனை வாசிப்பவன் ஒருவனே; அவன் கூடத்துக்குள் வரவேண்டும், மற்றைய கருவிகள் அவனைப் பின்தொடரவேண்டும். எங்கள் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டும் அத்தகையதே. ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஏற்றுப் பாட, கயிற்றின் இழுப்பே தாளமாகும். உழைப்பைக் கழித்துவிட்டால் அதிலே எஞ்சுவது வெறும் கூச்சல்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! தமிழ்மொழிப் பாடசாலைகளின் இசைப் பாடத்திட்டம் கர்நாடக சங்கீதத்தைக் கற்பிக்கிறது. கற்பிக்கட்டும், அதுவும் பெருஞ்செல்வமே. ஆனால் வீணையின் உறுப்புகளை மனனம் செய்யும் புத்தளத்துப் பிள்ளை, தன் மாவட்டத்துச் சிரட்டையின் வரலாற்றை அறியாமலே பாடசாலையை விட்டு வெளியேறுகிறதே! இந்த அறியாமையிலேதான் 'அபூர்வம்' என்ற சொல் முளைக்கிறது. அண்டை வீட்டானின் பாட்டைத் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒருங்கே அறிந்திருந்தால், அதனை எவன் களவாட முடியும்?

றொக் இசைஞரே, வாரும். சிரம்பியடிக்கும் வாரும், உடப்புக் கரைக்கும் வாரும். ஆனால் ஒலிவாங்கியை நீட்டுமுன் உடன்படிக்கையை நீட்டும். இசைத்தட்டிலே உமது பெயரின் அளவிலேயே அவர்களின் பெயரையும் அச்சிடும். வருமானத்திலே பங்கு கொடும். இவற்றுக்கு உடன்படாதவருக்கு எங்கள் கரையிலே தருவதற்கு ஒரு சிரட்டையும் இல்லை!