‘சி-ஏ-ரி கட்’: மனனம் வாசிப்பாகிவிடாது

ஆங்கிலப் பாடத்தைத் தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, அதே சொற்கள் வேறொரு பக்கத்தில் வரும்போது திகைத்து நிற்பதை நமது ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை மொக்கு அல்ல. அதற்கு மனனம் செய்யப் பழக்கியிருக்கிறோம், வாசிக்கப் பழக்கவில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளும் இதே சிக்கலில் நீண்டகாலம் இருந்தன. படத்தைப் பார், முதலெழுத்தைப் பார், பொருத்தமான சொல்லை ஊகி என்பதே அங்கு பல வகுப்பறைகளின் வழிமுறை. குதிரைக்குட்டி என்று எழுதியிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்துக் ‘குதிரை’ என்று பிள்ளை சொன்னாலும் அது வாசிப்பாகவே கொள்ளப்பட்டது. படங்கள் இல்லாத புத்தகம் கைக்கு வரும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இங்கிலாந்தில் 2006இல் வெளியான ஜிம் ரோஸ் அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பை முறையாகக் கற்பிக்கும் ‘போனிக்ஸ்’ முறையை முன்வைத்தது. அதன் துணைக்கருவிதான் எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறு புத்தகங்கள். இவற்றின் விதி எளிமையானது: இதுவரை கற்பித்த ஒலிகளைக் கொண்ட சொற்களே பெரும்பாலும் புத்தகத்தில் வரவேண்டும். பி, ஐ, என், ரி ஆகிய நான்கு எழுத்துகளின் ஒலிகளை அறிந்த பிள்ளை ‘பின்’, ‘ரின்’ ஆகிய சொற்களை எவர் துணையுமின்றி வாசித்துவிடும். ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

2012 முதல் அங்கு முதலாம் ஆண்டு மாணவருக்கு 40 சொற்கள் கொண்ட பரிசோதனை நடத்தப்படுகிறது. அவற்றில் 20 பொருளற்ற சொற்கள். மனனம் செய்து வந்து ஒப்புவிக்க முடியாதவை. 2012இல் 58 வீதமாக இருந்த சித்தி, 2019இல் 82 வீதமானது. 2021 சர்வதேச வாசிப்பு மதிப்பீட்டில் இங்கிலாந்து 4ஆம் இடத்தைப் பெற்றது.

இதை மந்திரமாகப் பார்க்கவும் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளின் புள்ளிகள் சரிந்தபோது இங்கிலாந்தின் புள்ளி ஏறக்குறைய அப்படியே நின்றதும் அந்த இடத்துக்கு ஒரு காரணம். தவிர, ஒலியைக் கூட்டத் தெரிந்தால் மட்டும் பொருள் புரிந்துவிடாது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இலேயே வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியை விளங்கும் திறனும். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே.

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பெருக்கலின் இரு பக்கமும் கடினம். தமிழில் ‘அ’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘சி-ஏ-ரி’ என்று எழுத்துகளின் பெயரை எத்தனை முறை உச்சரித்தாலும் ‘கட்’ பிறக்காது. அதற்கு ‘க்-அ-ட்’ என்ற ஒலிகள் தெரிய வேண்டும். பெயரை மட்டும் கற்பித்துவிட்டுச் சொல்லை எதிர்பார்ப்பது, பிள்ளையை மனனத்துக்குத் தள்ளுவதேயாகும்.

நமது ஆரம்பப் பிரிவில் தரம் 1, 2இல் பேச்சுவழி ஆங்கிலமும் தரம் 3இலிருந்து முறையான ஆங்கிலப் பாடமும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. இந்த அடுக்கு நல்லதே. காதால் கேட்டறிந்த சொல்லைத்தான் பிள்ளை பின்னர் எழுத்தில் பொருளோடு அடையாளம் காணும். அந்தப் பேச்சிலிருந்து பாடநூலுக்குச் செல்லும் இடைவெளியில் ஒரு பாலம் தேவை. எட்டுப் பக்கப் புத்தகங்கள் சில, அதே ஒலிகளைப் பழக்கிய ஆசிரியர், அன்றாடம் சில நிமிடங்கள். இதற்குப் பெரும் செலவில்லை. ஆசிரியர் பயிற்சிதான் முதன்மையானது.

வசதியுள்ள பெற்றோர் இந்தப் பாலத்தை ரியூசனில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தோட்டப்புறத்திலும் வன்னியின் உட்கிராமங்களிலும் உள்ள பிள்ளைக்குப் பாடசாலையே ஒரே வழி. அங்கு எழுத்தின் ஒலியைக் கற்பிக்காமல் விட்டுவிட்டு, சாதாரண தரத்தில் ஆங்கிலச் சித்தி குறைவு என்று அந்தப் பிள்ளைகளையே குறைகூறுவது நியாயமல்ல.