கோடையிலும் மலைக்குச் செல்வோம்

யூன் மாதம் பிறந்து பாடசாலைகள் மூடப்படுங் காலம் நெருங்கியதும் எமது இல்லங்கள் தோறும் ஒரு வினா எழுகின்றது. எட்டுக் கிழமை விடுமுறையைப் பிள்ளைகள் எவ்வாறு கழிப்பது? இலண்டனிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ உறவினர் வீட்டுத் திருமணம் இருப்பின் அங்கு செல்கின்றோம். பொருள் வசதி கைகூடிய ஆண்டில் பேரன் பேத்தியரைக் காணக் காத்திருக்கும் முதியோரை நாடித் தாயகம் செல்கின்றோம். இரண்டும் இல்லாத ஆண்டுகளில் தந்தை பகல் வேலைக்கும் தாய் மாலை வேலைக்குமாக மாறி மாறிச் செல்ல, பிள்ளைகள் அறைக்குள் திரையை நோக்கியபடி கோடையைக் கழிக்கின்றனர். உறவைப் பேணுவதும் உழைப்பதும் நமது கடமைகளே. அவற்றைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இந்த எட்டுக் கிழமைகளுள் ஒரு கிழமையை, அல்லது நான்கு நாட்களையேனும், இந்நாட்டின் மலைகளுக்கு ஒதுக்குவோம் என்பதே நாம் முன்வைக்க விரும்பும் கருத்தாகும்.

மலை என்றதும் நம்மிற் பலருக்குப் பனியும் பனிச்சறுக்குமே நினைவுக்கு வருகின்றன. சறுக்கத் தெரிந்தவர்க்கன்றி அங்கு வேலையில்லை என எண்ணுகின்றோம். பனி உருகிய பின்னரும் அம்மலைகள் ஓய்ந்திருப்பதில்லை. 1994 ஆம் ஆண்டு பெப்ரவரியில் லில்லஹம்மரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின்போது வீரர்கள் சறுக்கி இறங்கிய ஹாஃப்யெல் மலைச்சரிவில், கோடையில் சிறுவரும் பெரியோரும் துவிச்சக்கரவண்டிகளில் இறங்குகின்றனர். 2014 ஆம் ஆண்டில் மலைத் துவிச்சக்கரவண்டி உலகப் போட்டியே அங்கு நடைபெற்றது. நோர்வேயின் மிகப் பெரிய பனிச்சறுக்குத் தலமான திரீசிலிலும் கோடையில் வண்டிப் பாதைகள் திறந்திருக்கின்றன. ஹெம்செடாலில், ஏறத்தக்க இருபது சிகரங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாக ஏறி முடிக்குமாறு மக்களை ஊக்குவிக்கின்றனர். இவையாவும் ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணி முதல் மூன்று மணி நேரப் பயணத்துள் அடங்குவன. குளிர்காலத்திற்கென எழுப்பப்பட்ட குடில்கள் கோடையில் வெறுமையாய்க் கிடத்தலாகாது என்பதற்காக, வாடகையும் உயிர்த்தஞாயிறு விடுமுறைக் காலத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நான்கு குடும்பத்தினர் ஒன்றுசேர்ந்து அத்தகைய குடில் ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு நாட்கள் தங்கினோம். அரிசி, புட்டுமா, சம்பல் எனச் சமையற் பொருட்கள் யாவும் ரொம்மனிலிருந்தே உடன் வந்தன. நம்முடன் வந்த பிள்ளைகளுள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெற்றோர் தமிழிற் கேட்பவற்றுக்கெல்லாம் நோர்வேஜிய மொழியில் ஓரிரு சொற்களால் விடையளிப்பதே அவனது வழக்கம். இரண்டாம் நாள், கம்பியில் தொங்கிச் செல்லும் கதிரையில் தந்தையும் அவனும் அருகருகே அமர்ந்து மேலே சென்றனர். கால்களின் கீழே தரை விலகிச் செல்லச் செல்லத் தந்தையின் முகம் வெளிறியது. இரு கைகளாலும் இரும்புச் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டார். அப்பொழுது மகன் அவரது தோளிற் கைவைத்து, "கீழ பாக்காதேங்கோ அப்பா. அங்கால அந்த ஏரியைப் பாருங்கோ. நான் பக்கத்திலதான் இருக்கிறன்" என்றான். பின்னாற் கதிரையில் வந்த நமக்கு அது தெளிவாகக் கேட்டது. உச்சியை அடையும் வரை அவன் தமிழிலேயே பேசிக்கொண்டு சென்றான்.

அச்சிறு நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதுவரை தமிழில் வாய்திறவாதவன் அன்று மட்டும் பேசியது ஏன்? வீட்டிலே பெற்றோர் கட்டளையிடுவோர், பிள்ளைகள் கேட்போர். "வீட்டுப்பாடம் செய்தாயா? சாப்பிட்டாயா? நேரத்தோடு படு." இம்மூன்று வாக்கியங்களுக்குள் நமது தமிழ் சுருங்கிவிட்டது. மலையிலோ பெற்றோரும் பிள்ளையும் ஒருவர்க்கொருவர் தேவைப்படுகின்றனர். வழுக்கும் பாறையில் தாய்க்குக் கைகொடுப்பவள் மகள். வரைபடத்தைப் படித்து வழி சொல்பவன் மகன். களைத்த சிறுவனைத் தூக்கிச் சுமப்பவர் தந்தை. தேவை ஏற்படுமிடத்தில் மொழி தானே பிறக்கின்றது. ஒருமணி நேரம் மேல்நோக்கி நடக்கும்பொழுது பேசாமலிருத்தல் அரிது. தந்தை தமது இளமைக் காலத்தையும், தாய் தாம் படித்த பாடசாலையையும் முதன்முறையாகப் பிள்ளைக்குச் சொல்லக் கிடைக்கும் நேரம் அதுவே.

தமிழ்ப் பாடசாலையிற் கற்பவற்றுக்கும் அங்கு உயிர் கிடைக்கின்றது. மேல்வகுப்பு மாணவர்க்கு ஐந்திணைகளைக் கற்பிக்கின்றோம். குறிஞ்சி என்பது மலையும் மலைசார்ந்த இடமும் என எழுதி மனனம் செய்கின்றனர். அருவி, சுனை, சரிவு, முகடு, கணவாய், பாசி என்னும் சொற்கள் பயிற்சிப் புத்தகத்தில் உயிரற்றுக் கிடக்கின்றன. குடும்பத்தோடு சுனை நீரைக் கையால் அள்ளிப் பருகிய பிள்ளைக்கு அச்சொல்லின் பொருளை எந்த ஆசிரியரும் மீண்டும் விளக்கவேண்டியதில்லை. நாமும் மலையறியாச் சமவெளியிற் பிறந்தோரே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையென்று பெயர் பெற்ற கீரிமலையும் உண்மையில் கடலோரத்து நன்னீர்க் கேணியேயாம். எனினும் மலை தமிழர்க்கு அந்நியமானதன்று. இலங்கையின் மலையகத்தை உழைப்பால் வளப்படுத்தியவர்களும் தமிழரே. அந்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல மலைப்பாதையினும் பொருத்தமான இடம் வேறெது?

"விடுமுறையில் மேலதிக வேலை செய்தாற் கடனில் ஒரு பகுதியேனும் தீருமே" என்பார் உளர். அக்கவலையை நாம் அறிவோம். ஆயினும் இந்நாட்டில் விடுமுறை என்பது முதலாளி இரங்கி அளிக்கும் சலுகையன்று. தொழிலாளர் அனைவர்க்கும் மூன்று கிழமை விடுமுறை 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது. 1964 இல் அது நான்கு கிழமையாயிற்று. யூன் முதலாம் திகதிக்கும் செப்டெம்பர் முப்பதாம் திகதிக்குமிடையே தொடர்ச்சியாக மூன்று கிழமைகளைக் கேட்டுப் பெறும் உரிமை இன்று தொழிலாளர்க்கு உண்டு. நமக்கு முன் இந்நாட்டிற் பாடுபட்டோர் பெற்றுத்தந்த உரிமையை நாம் அனைத்தையும் பணமாக்கிவிட்டால், பிள்ளைகளின் பிள்ளைப் பருவத்தை எந்தப் பணத்தால் மீட்கமுடியும்?

செலவைக் குறைக்கும் வழிகளும் பல. 1957 ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் இயற்கை நிலத்தில் நடமாடும் உரிமையை எவர்க்கும் அளிக்கின்றது. பயிர்நிலம் தவிர்ந்த காட்டிலும் மலையிலும், மக்கள் தங்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ நூற்றைம்பது மீற்றர் தள்ளி, இரண்டு இரவுகள் வரை அனுமதி கேளாமலே கூடாரமடிக்கலாம். 1868 இல் தோன்றிய நோர்வே சுற்றுலாச் சங்கம் மலைப்பாதைகள் நெடுகிலும் கற்களில் சிவப்பு நிறத்தில் 'தி' என்னும் எழுத்தைத் தீட்டி வழிகாட்டுகின்றது. வாகனமில்லாதோர் பேர்கன் செல்லும் தொடருந்திலே யெய்லோவுக்குச் செல்லலாம். கூடாரமும் முதுகுப்பையும் இல்லாதோர் 'பூவா' என்னும் இரவல் நிலையங்களில் அவற்றை இலவசமாகப் பெறலாம். நெடுந்தூரம் செல்ல இயலாதோர்க்கும் வழியுண்டு. ரொம்மனிலிருந்து சுரங்கத் தொடருந்தில் நகரநடுவுக்குச் சென்று, ஃப்ரொக்னர்செத்தரன் தொடருந்துக்கு மாறினால், பயணச்சீட்டு ஒன்றின் செலவிலே காட்டின் வாயிலை அடைந்துவிடலாம்.

மலையில் ஆபத்தும் உண்டு என்பதை மறைத்தலாகாது. 1967 ஆம் ஆண்டின் உயிர்த்தஞாயிறு விடுமுறையில் பதினெண்மர் நோர்வேயின் மலைகளில் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையொழுக்க விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. இன்று அவ்விதிகள் ஒன்பது. காலநிலையை முன்னரே அறிந்துகொள்ளல், செல்லுமிடத்தைப் பிறர்க்கு அறிவித்தல், கோடையாயினும் கம்பளி ஆடையும் மழையங்கியும் உடன்கொள்ளல் என்பவற்றோடு, நேரத்தோடு திரும்பிவிடுவதில் வெட்கமில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. எதிலும் முதலிடம் பெறவேண்டும் எனப் பிள்ளைகளை ஓயாது உந்தும் பெற்றோராகிய நமக்கு இவ்விதி ஒரு படிப்பினையாகும். உச்சியை அடையாது திரும்பியவனும் அன்று நல்ல பயணத்தையே முடித்திருக்கின்றான். மேலும், ஏப்ரில் பதினைந்து முதல் செப்டெம்பர் பதினைந்து வரை காட்டிலும் காட்டருகிலும் தீமூட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளமையையும் மறவாதிருப்போம்.

மாணவச் செல்வங்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பெற்றோரிற் பலர் இந்நாட்டுக்கு வந்த நாள் முதல் வேலைத்தலத்தையும் வீட்டையும் தவிர வேறிடம் அதிகம் கண்டிலர். மலைப்பாதையில் எவ்வாறு நடப்பது, எந்தக் காலணி பொருத்தமானது என்பவற்றை நோர்வேஜியப் பாடசாலையின் நடைச்சுற்றுலாக்களில் நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அறியும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆகவே இம்முறை நீங்கள் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் மெதுவாக நடந்தாற் பொறுத்திருங்கள். உங்கள் நண்பரின் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோர்வேஜிய நண்பர் உடன் வந்தால் உங்கள் தாயாரின் கட்டுச்சோற்றை அவரோடு பகிர்ந்து உண்ணுங்கள். அவரது பாண் பொதியினும் அது சுவைமிக்கது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

ஓகஸ்ட் மாதத்திற் பாடசாலை தொடங்கும் முதல் நாளில், கோடையில் என்ன செய்தாய் என்று ஆசிரியர் வினவுவார். அன்று எமது பிள்ளைகள் தலைகுனியாது எழுந்து நின்று, "அப்பா அம்மாவுடன் மலையேறினேன்" எனக் கூறட்டும். நமது தமிழ்ப் பாடசாலைக்கு மீண்டும் வரும்பொழுது அதையே தமிழிலும் கூறட்டும். அவ்விரு விடைகளையும் அளிக்கவல்ல தலைமுறையை உருவாக்க இவ்வாண்டுக் கோடையிலேயே முதலடி எடுத்துவைப்போமாக.