வாங்குபவன் யார்?

விண்வெளி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சண்டையைத்தான் பேசுவார்கள். ஆனால், 1984 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் உருவாக்கிய 'எலைட்' கணினி விளையாட்டிலே கப்பலோட்டியின் முதற்கவலை வயிற்றுப்பாடு. கையிருப்பு 100 கிரெடிட். 20 தொன் ஏற்றக்கூடிய கப்பல். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். நிற்கும் இடத்து விலை மட்டுமே திரையில் தெரியும். போகுமிடத்து விலையை, அது விவசாய உலகமா, கைத்தொழில் உலகமா என்பதைக் கொண்டு ஊகித்துக்கொள்ள வேண்டும். விவசாயக் கிரகத்து உணவைக் கைத்தொழிற் கிரகத்திலும், அங்குள்ள கணினிகளை இங்கும் விற்றால் இலாபம்.

இந்த ஊகந்தான் அதன் சுவை. ஆயினும், எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல் உண்டு. எலைட்டில் 'வாங்க ஆளில்லை' என்ற நிலையே வருவதில்லை. எத்தனை தொன் இறக்கினாலும் அதே விலை. வாங்குவது மனிதனல்ல, ஒரு சூத்திரம். பதினேழு சரக்குகள் கொண்ட அந்தப் பட்டியலில் உணவு, துணி, கதிரியக்கப் பொருள் ஆகியவற்றை அடுத்து நான்காவதாக நிற்பது அடிமைகள். அவர்களும் தொன் கணக்கில்தான்! ஏற்றிச் செல்பவனைப் பொலிஸ் துரத்தும். வாங்குபவனுக்கோ முகமும் இல்லை, தண்டனையும் இல்லை.

2014 இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' ஓரளவு திருந்தியது. அங்கே கேள்வி குறையக் குறைய விலையும் இறங்கும். எங்கே கேள்வி உண்டு என்று அறிய, ஆட்டக்காரர்கள் திரட்டும் இனாரா போன்ற தளங்களைப் பார்க்கிறார்கள். விலையோடு, அது எவ்வளவு பழைய தகவல் என்பதையும் அங்கே போட்டிருப்பார்கள். பத்திரிகையின் சந்தை நிலவரப் பக்கத்தில் நாங்கள் அப்படிப் போட்டதில்லை! ஆனாலும், பேரரசுப் பகுதிகளில் அடிமை வணிகம் சட்டபூர்வமானது. வாங்குபவனுக்கு இன்னமும் முகமில்லை.

முகம் தெரிவது 2003 இல் ஐஸ்லாந்து நிறுவனமொன்று வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' விளையாட்டில். அங்கே பெரும்பாலான பொருட்களை வாங்குபவர் இன்னொரு ஆட்டக்காரரே. ஜிட்டா என்னும் இடத்தைப் பெருஞ்சந்தையாக்கியதும் அவர்களின் வழக்கந்தான். கூட்டணிகள் போரில் இறங்கினால் கப்பல்களுக்கும் வெடிபொருட்களுக்கும் கேள்வி எழும். அழிந்த கப்பல் திரும்பி வராது, மீண்டும் வாங்கத்தான் வேண்டும். இரு தரப்புக்கும் விற்பவர்கள் உண்டு. ஆனால், விற்றவர் தமது கணக்கைத் திறந்தால் வாங்கியவரின் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்த பின்பும் அடுத்த சுமையை ஏற்றுகிறார்கள் என்பது வேறு விடயம்.