தந்தி அறுந்தால் வீணையை எறிவதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் சங்கீதத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கி.பி. 7-ம் நூற்றாண்டு வேலை அது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஸ்வரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

வீணை வாசிப்பவருக்கு ஓர் உண்மை தெரியும். தந்தி அறுந்துவிட்டால் அவர் வீணையைத் தூக்கி எறிய மாட்டார். கையில் கிடைத்த கம்பியை இழுத்துக் கட்டவும் மாட்டார். அந்த வீணைக்கு எந்தத் தந்தி பொருந்துமோ, அதைத்தான் தேடிக் கட்டுவார்.

வீணைக்கு உள்ள இந்த நியாயம் கம்ப்யூட்டருக்கும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் வாங்கும்போது பலர் இதை மறந்து விடுகிறார்கள்!

வீட்டில் நடப்பது என்ன?

இன்று குடுமியான்மலை பழைய கிராமம் அல்ல. 2014-ம் ஆண்டு முதல் அங்கே வேளாண்மைக் கல்லூரி நடக்கிறது. மற்ற ஊர்களைப் போல அங்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படிக்கிறார்கள். படித்த நேரம் போக, விளையாடுகிறார்கள்.

ஏழெட்டு ஆண்டுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒரு வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது விளையாட்டைப் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

"அப்பா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்கிறான் பையன்.

"வாங்கினது நல்லாத்தானேடா இருக்கு?" என்கிறார் தகப்பனார்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார் கடைக்காரர்.

மூவரில் யார் சொல்வது சரி? பெட்டியைத் திறந்து பார்க்காமல் எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கார்டு என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மூளை பிராசசர். திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. சாதாரண மானிட்டரில் அகலத்தில் 1,920 புள்ளி, உயரத்தில் 1,080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்! விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால், இத்தனை புள்ளிகளையும் கார்டு வினாடிக்கு 60 தடவை வரைய வேண்டும். அது முடியாதபோதுதான் படம் திக்குகிறது.

ஆனால் திக்குவதெல்லாம் கார்டு கிழடானதன் அடையாளம் அல்ல. புழுதியும் காரணமாக இருக்கும். கார்டின் விசிறியில் புழுதி அடைந்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்! ஆகவே முதல் வேலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது. சில வீடுகளில் செலவு அதோடு முடிந்துவிடும்.

75 வாட் கணக்கு

தூசி தட்டியும் பயன் இல்லை என்றால் கார்டு மாற்றலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பகிர்ந்து கொடுப்பது அதுதான்.

கார்டைச் செருகும் இடத்துக்கு ஸ்லாட் என்று பெயர். ஸ்லாட் 75 வாட் வரை மின்சாரம் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 முனை ஒயர் 75 வாட் தரும். 8 முனை ஒயர் 150 வாட் தரும். பழைய பெட்டிகள் பலவற்றில் இந்த ஒயரே கிடையாது!

மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் பெரிய எழுத்தில் "450" என்று இருக்கும். அதைக் கண்டு மயங்கக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் "12 வோல்ட்" என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வேண்டும். 216 வாட் வரும். கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். இதில் 130 வாட் கார்டை மாட்டி, 65 வாட் பிராசசரையும் ஓட்டினால் மிச்சம் 21 வாட். விளையாட்டு நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால், குற்றம் கார்டின் மேல் அல்ல!

அடுத்து, அடிக்குச்சியால் அளக்க வேண்டும். ஆபீசில் பயன்படுத்திப் பிறகு விற்பனைக்கு வரும் சிறிய பெட்டிகளில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். அளக்காமல் வாங்கிய கார்டு அலமாரிக்குத்தான் அழகு!

ஒரே பெயர், இரண்டு சரக்கு

பெயரைப் பார்த்து ஏமாறுவது அடுத்த ஆபத்து.

என்விடியா கம்பெனி 2017-ல் ஜி.டி. 1030 என்ற கார்டை விற்றது. 2018-ல் அதே பெயரில் வேறு நினைவகம் போட்ட கார்டும் வந்தது. அதில் நினைவகத்தின் வேகம் முதல் கார்டில் உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்!

ஆர்.டி.எக்ஸ். 3050 கதையும் அப்படியே. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜி.பி., 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜி.பி., 70 வாட். பின்னதற்கு வேகம் குறைவு. ஆனால் பெரும்பாலும் தனி ஒயர் வேண்டாம். ஆகவே ஒயர் இல்லாத பழைய பெட்டிக்கு அந்தச் சின்னக் கார்டே ஏற்றது. பெரியது எல்லாம் நல்லது அல்ல, பொருந்துவதே நல்லது.

ஏ.எம்.டி. கம்பெனியின் ஆர்.எக்ஸ். 6400 கார்டு 2022-ல் வந்தது. 53 வாட் போதும். ஆனால் அது 4 பாதை வழியாக மட்டுமே மதர்போர்டோடு பேசும். மற்றக் கார்டுகள் பலவற்றுக்கு 8 அல்லது 16 பாதை. புது மதர்போர்டில் பாதையின் வேகம் அதிகம். குறை அவ்வளவாகத் தெரியாது. ஒரு தலைமுறை பழைய மதர்போர்டில் அந்த வேகம் பாதியாகிவிடும். இன்டெல் கம்பெனியின் ஆர்க் கார்டுகளுக்கும் பழைய பெட்டி ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்கு "ரீசைசபிள் பார்" என்ற வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் மிகவும் குறையும்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், விழிப்பு வேண்டும்.

ஈத்தரியம் என்ற டிஜிட்டல் பணத்தை உண்டாக்குவதற்காகச் சிலர் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி அந்த முறை மாறியது. கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அப்படி உழைத்துக் களைத்த கார்டுகள் பல பழைய சாமான் சந்தைக்கு வந்தன.

பழைய மலிவுக் கார்டின் உள்ளே பெயரை மாற்றி எழுதி, உயர்ந்த கார்டு என்று விற்கும் மோசடியும் நடக்கிறது. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவசப் புரோகிராம் இப்படிப்பட்ட போலிகள் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். பழைய கார்டு வாங்குகிறவர், அதைக் கடையிலேயே மாட்டச் சொல்லி அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். சம்மதிக்காத கடையில் வாங்கக் கூடாது.

வயதையும் கேட்க வேண்டும். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் செல்லக் கார்டு. 2025 அக்டோபரோடு, புது விளையாட்டுகளுக்கான டிரைவர் அதற்கு வருவது நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று கம்பெனி அறிவித்திருக்கிறது. பழைய விளையாட்டுகளுக்கு அது இன்னும் போதும். புது விளையாட்டை எண்ணி அதில் பணம் போடுவது வீண்.

எப்போது புதுப்பெட்டி?

கடைக்காரர் சொல்வது சரியாகும் சமயமும் உண்டு. பிராசசர் மிகவும் பழையதானால், எந்தக் கார்டை மாட்டினாலும் படம் ஓரளவுக்கு மேல் ஓடாது. முன்மாடு நொண்டினால் பின்னால் எத்தனை மாடு பூட்டி என்ன? விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பெட்டிக்கு விலை உயர்ந்த கார்டு வாங்குவது, இடியப்போகும் சுவருக்குச் சாயம் பூசுவது போலத்தான். அந்தப் பணத்தைப் புதுப்பெட்டிக்குச் சேர்த்து வைக்கலாம்.

ஆகவே பஸ் ஏறுமுன் ஒரு தாளில் ஐந்து விவரம் எழுத வேண்டும். மதர்போர்டின் பெயர், பிராசசரின் பெயர், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் ஆம்பியர், பெட்டியில் உள்ள இடத்தின் நீள உயரம், மானிட்டரின் புள்ளிக் கணக்கு. இந்தத் தாள் கையில் இருந்தால் திருச்சிக் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் ஏமாற வேண்டியதில்லை.

இந்தத் தாளை எழுத வேண்டியவன் பையன்தான். கார்டு கேட்பது அவன் உரிமை என்றால், கணக்குக் காட்டுவது அவன் கடமை. அவன் கணக்கோடு வந்து நின்றால், "விளையாட்டுக்கு எதற்குக் காசு?" என்று தகப்பனார் விரட்டக் கூடாது. பெட்டியைத் திறந்து, படித்து, அளந்து, பெருக்கிப் பார்த்த பிள்ளை, பாடப் புத்தகத்தில் இல்லாத பாடத்தைப் படித்திருக்கிறான்!

பொருளின் குணம் அறிந்து வாங்குகிற வீட்டில் பணம் நிற்கும். விலையை மட்டும் பார்த்து வாங்குகிற வீட்டில் சாமான்தான் நிற்கும்!