'பரவாயில்லை' என்பது எந்தக் கட்டத்துக்குள் அடங்கும்?

கருக்கலைப்புச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருக்கும் பெண்ணிடம், மருத்துவமனைக்குள்ளேயே ஒரு வினா கேட்கப்படுகிறது: 'இங்குக் கிடைத்த சேவை உங்களுக்குத் திருப்தியா?' பெரும்பாலோர் 'ஆம்' என்கின்றனர். அந்த 'ஆம்' அட்டவணையில் சதவீதமாக மாறி, சேவைத் தரத்தின் சான்றாக ஆய்வேடுகளில் இடம்பெற்றுவிடுகிறது. பெண்களிடம் கேட்பதே ஒரு முன்னேற்றம்தான், அதில் ஐயமில்லை. கேட்கும் விதத்தில்தான் கோளாறு.

தமிழில் 'திருப்திதானே?' என்பது பந்தியில் கேட்கப்படும் கேள்வி. இலையின் முன் அமர்ந்தவர் எவரும் சாம்பாரில் உப்புக் குறைவு என்று அதற்கு விடை சொல்வதில்லை. மருத்துவமனையிலோ நிலைமை இன்னும் கடினம். அப்பெண்ணின் இரகசியம் அங்குள்ளவர்களின் கையில் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு அவள் அங்கேயே வரவேண்டியிருக்கலாம். இந்நிலையில் அவள் 'பரவாயில்லை' என்றால், அளவுகோலில் அதற்கு நடுக்கட்டம் ஒதுக்கப்படுகிறது. அச்சொல் பாராட்டாகவும் இருக்கலாம்; பொறுத்துக்கொண்டதன் அறிவிப்பாகவும் இருக்கலாம். எது என்பதைக் குரல் சொல்லும், கட்டம் சொல்லாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதுமானது. மனநலம் பாதிக்கப்பட்டோருக்கு மட்டுமே விலக்கு. கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கோரவில்லை. ஆயினும் பல மருத்துவமனைகள் அதைக் கேட்கின்றன. சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்று 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. கணவரை அழைத்துவரச் சொல்லி அலைக்கழிக்கப்பட்டவள், அதுவே விதிமுறை என்று நம்பினால், அதைக் குறையாகச் சொல்லப்போவதில்லை. திட்டு வாங்காமல் வேலை முடிந்ததே என்ற நிம்மதியும் 'மிகவும் திருப்தி' என்றே பதிவாகிறது.

இனி, கேட்கப்படாதவர்கள். 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.56 கோடிக் கருக்கலைப்புகள் நிகழ்ந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் 73 சதவீதம், மருத்துவமனைகளுக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை. மருந்துக்கடையில் அட்டையை வாங்கிச் சென்றவளும், 'மணமாகவில்லையா?' என்ற முதல் கேள்வியிலேயே திரும்பிப் போனவளும் எந்த மாதிரியிலும் இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வரமுடிந்தவர்களின் மனநிறைவை நாட்டின் மனநிறைவாகப் படிப்பது எப்படிப் பொருந்தும்?

திருப்தியைக் கேட்பதற்குப் பதிலாக, நடந்ததைக் கேட்கலாம். வலிக்கு மருந்து எப்போது தரப்பட்டது? மாத்திரையா, உறிஞ்சு முறையா என்று தேர்வு செய்ய விட்டார்களா? கருத்தடை வளையம் பொருத்திக்கொண்டால்தான் சிகிச்சை என்றார்களா? எவ்வளவு இரத்தப்போக்கு இருந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று விளக்கினார்களா? இவற்றை மருத்துவமனைக்கு வெளியே, சில வாரங்கள் கழித்து, அம்மருத்துவமனையைச் சாராத ஒருவர், அவள் வீட்டில் பேசும் மொழியில் கேட்கவேண்டும். செலவு கூடும், தொடர்பில் கிடைப்பவர்களும் குறைவர், முனைவர் பட்டக் கால எல்லைக்குள் இது அடங்காதே என்று நெறியாளர்கள் தயங்கவும் கூடும்.